திருமணப் படம் ஓர் அமானிதம்: கண்ணாடித் தகடு முதல் மெமரி கார்டு வரை

லாஸ்பேட்டையில் எங்கள் உறவினர் இல்லத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் நடைபெற்றது. மணமகளின் தந்தை முன்பே காலமாகிவிட்டார். எனவே எண்பது வயதைக் கடந்த பாட்டனார் வலீயாக அமர்ந்து பேத்தியை மணமுடித்துக் கொடுத்தார். ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்தபின், மாப்பிள்ளையின் கையைத் தம் நடுங்கும் கையால் பற்றிக்கொண்டு, மஹரைக் குறிப்பிட்டு அவர் சொன்ன சொற்களைச் சபை முழுவதும் அமைதியாகக் கேட்டது. ஈஜாபும் கபூலும் முடிந்தன; துஆவுக்குக் கைகள் உயர்ந்தன. அனைத்தும் சேர்ந்து கால் மணி நேரத்திற்குள் நிறைவேறிவிட்டது.

வலீமா முடிந்த மூன்றாம் நாள் புகைப்படக்காரர் வந்தார். நிக்காஹ் நேரத்தில் எடுத்த படங்கள் இருந்த மெமரி கார்டு பழுதாகிவிட்டது என்றார். விருந்தின் படங்களும் மேடைப் படங்களும் நூற்றுக்கணக்கில் வந்தன. பாட்டனாரின் கை மாப்பிள்ளையின் கையைப் பற்றிய படம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. நான்கு மாதங்களில் பாட்டனாரும் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார்.

அந்தப் புகைப்படக்காரர் தீயவர் அல்லர். ஒரே கேமரா, ஒரே கார்டு, தனி ஆள் என்று வந்திருந்தார். எதிர்பாராதது நிகழ்ந்தால் என்ன செய்வார் என்று நாமும் அவரிடம் கேட்கவில்லை. பழைய ஆல்பத்தைப் பார்த்தோம், கட்டணத்தைப் பேசினோம், முன்பணம் கொடுத்தோம். அவ்வளவே. படம் பிடிக்கும் தொழில் எவ்வாறு வளர்ந்தது, அதில் தவறுகள் எவ்வாறு நேர்ந்தன, முன்னோர் அவற்றை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று அதன்பிறகே தேடத் தொடங்கினோம். அந்தத் தேடலில் கண்டவற்றை, திருமண வயதில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறோம்.

ஒரே தகடு, ஒரே வாய்ப்பு

1839ஆம் ஆண்டு பாரிசில் தாகேர் என்பவரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழுந்த அந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு என்றால் ஒரே ஒரு படம். தகடு கீறினால் படமும் போயிற்று. 1851இல் வந்த ஈரத் தகட்டு முறை ஒரு படத்திலிருந்து பல பிரதிகள் எடுக்க வழி செய்தது. ஆயினும் கண்ணாடியில் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். எனவே படம் எடுப்பவர் இருட்டறையையும் கூடாரமாகச் சுமந்தே சென்றார்.

நம் சமூக வரலாற்றிலும் இதற்கோர் அரிய சான்று உண்டு. எகிப்தியப் படை அதிகாரியான முஹம்மது சாதிக் பே 1861இல் மதீனாவையும், 1880இல் ஹஜ் பயணக் குழுவுடன் சென்று மக்காவையும் படமெடுத்தார். அவ்விரு புனித நகரங்களின் மிகப் பழைய புகைப்படங்கள் அவருடையவையே. பாலைவன வெயிலில் கண்ணாடித் தகடுகளையும் மருந்துக் குப்பிகளையும் ஏற்றிச் சென்ற ஒருவர், உடையும், உலரும், தூசி படியும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்காமல் அந்தப் பயணத்தை முடித்திருக்க இயலாது.

அதே காலத்தில் நம் தென்னாட்டில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். தஞ்சாவூர், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களுக்கு மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிச் சென்று படமெடுத்தார். முன்னரே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளக்கூடிய மெழுகுத் தாள் நெகட்டிவ்களை அவர் பெரிதும் பயன்படுத்தினார். ஈரத் தகட்டை வெம்மையில் உலராமல் காப்பது கடினம் என்பதை எண்ணும்போது, அந்தத் தேர்வின் பொருள் விளங்கும். கருவியின் அழகைவிட, அது இந்த மண்ணின் வெயிலைத் தாங்குமா என்பதே முதற்கேள்வியாக இருந்தது.

புதுச்சேரியில் காக்கப்பட்டவை

பின்னர் ஸ்டூடியோக்களின் காலம் வந்தது. தமிழ்நாட்டின் பெரிய ஊர்களிலும் சிற்றூர்களிலும் திரைச்சீலை, மர நாற்காலி, பூச்சாடி ஆகியவற்றோடு ஸ்டூடியோக்கள் எழுந்தன. திருமணம் முடித்த இணையர் நேராக ஸ்டூடியோவுக்குச் சென்று ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வது பல குடும்பங்களின் வழக்கமாயிற்று. பிறகு கேமரா மண்டபத்துக்கே வந்தது. 120 வகைப் படச்சுருளில் சதுரப் படமென்றால் பன்னிரண்டே எடுக்கலாம், 35 மி.மீ. சுருளில் முப்பத்தாறு. ஒரு திருமணத்துக்குச் சில சுருள்களே கிடைத்த காலத்தில், ஒவ்வோர் அழுத்தலுக்கும் கணக்கு உண்டு.

அக்காலத் தவறுகளும் பல. சுருளை நகர்த்த மறந்தால் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் விழும். கேமராவின் பின்மூடி திறந்துகொண்டால் வெளிச்சம் புகுந்து சுருள் பாழாகும். சுருள் சிக்கிக்கொண்டால் கேமராவைத் திறக்கவும் முடியாது, மேலே படமெடுக்கவும் முடியாது. இதற்காகவே தேர்ந்த புகைப்படக்காரர்கள் கைகளை உள்ளே நுழைத்து வேலை செய்யத்தக்க கறுப்புத் துணிப்பை ஒன்றை உடன் வைத்திருந்தனர். வெளிச்சம் புகாத அந்தப் பைக்குள் கேமராவை வைத்து, கண்ணால் பாராமல், விரல்களின் நினைவாலேயே சிக்கலை எடுத்தனர். வீட்டுக்குத் திரும்பிய பிறகு நெகட்டிவை உறையிலிட்டு எண் எழுதி அலமாரியில் வைத்தனர். பல ஆண்டுகள் கழித்து அந்த எண்ணைச் சொல்லி மறுபிரதி பெற்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

இவ்வாறு காக்கப்பட்டவற்றின் பெருமையையும் காக்கப்படாதவற்றின் இழப்பையும் அறிய, புதுச்சேரியில் வாழும் நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி மின்னுருவாக்கும் பணியை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறு ஆவணத் திட்டத்தின் துணையோடு மேற்கொண்டது. ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுப் படங்கள் அதன் எல்லை. கண்ணாடி நெகட்டிவ்கள், மங்கிய அச்சுகள், குடும்பப் படங்கள், திருமணப் படங்கள் எனப் பலவும் அதில் அடங்கும். டிஜிட்டல் காலத்தில் பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, ஈரமும் பூஞ்சையும் கரையானும் தின்ற படங்கள் எத்தனையோ. ஒரு தலைமுறையின் முகங்கள் எஞ்சுவதும் அழிவதும் யாரோ ஒருவரின் அலமாரி ஒழுங்கைப் பொறுத்தே அமைந்தது.

நம் இல்லங்களில் படம் நுழைந்த வரலாறு

நிழற்படம் கூடுமா என்ற விவாதம் நம் சமூகத்தில் நெடுங்காலம் நடந்தது, இன்றும் முற்றுப்பெறவில்லை. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்-முத்தீஈ, கேமராப் படம் கையால் உருவாக்கும் உருவத்தைப் போன்றதன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவது என்று வாதிட்டு, அது அனுமதிக்கப்பட்டதே என எழுதினார். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அதனை மறுத்து எழுதினார். பேணுதலின் பொருட்டுத் திருமணத்தில் படமே வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்களை நாம் மதிக்கிறோம். இக்கட்டுரை படம் எடுப்பதென்று முடிவு செய்துவிட்ட குடும்பங்களுக்கானது.

புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்களுக்குத் திருமணப் படம் வேறொரு வகையிலும் தேவைப்பட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம்மவர் பலர் சைகோனுக்கு வணிகத்துக்கும் வேலைக்கும் சென்றனர். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தோரின் வழித்தோன்றல்கள் இன்று பாரிசிலும் பிற நகரங்களிலும் வாழ்கின்றனர். தங்கையின் நிக்காஹ்வுக்கு வர இயலாத அண்ணனுக்கு அந்தப் படம் ஓர் அலங்காரப் பொருளன்று. தான் இல்லாத சபையில் தனக்கும் ஓர் இடம் தரும் பொருள். ஆகவே அது தொலையும்போது தொலைவது காகிதம் மட்டுமன்று.

ஸ்ரீரங்கம் தந்த பாடம்

எதிர்பாராத நிகழ்வு என்றவுடன் நாம் படத்தின் இழப்பையே எண்ணுகிறோம். அதனினும் பெரியது உயிர். 2004 ஜனவரி 23 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீ மூண்டது. மாடியில் அமைத்திருந்த கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடியோ எடுப்பதற்கான விளக்கின் மின்கம்பியில் எழுந்த பொறியே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. வாழ்த்த வந்தோர் கரிந்துபோன அந்தக் காலையைத் தமிழகம் மறக்காது.

படத்துறையில் நெருப்பு அபாயம் புதிதன்று. 1887இல் ஜெர்மனியில் உருவான மக்னீசியப் பொடி வெளிச்சம், திறந்த சுடராகவே எரிந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பல்புகள் 1929இல் வந்த பின்னரே அது ஓரளவு அடங்கியது. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் வெம்மை குறைந்தவை. ஆயினும் மேடைக்குப் பின்னால் ஒரே பலகையில் செருகிய பல கம்பிகள், கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒட்டுப்போட்ட வயர், துணி அலங்காரத்தை உரசி நிற்கும் விளக்கு ஆகியவை இன்றும் நம் மண்டபங்களில் உள்ளன. புகைப்படக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அவருடைய விளக்குகள் எங்கிருந்து மின்சாரம் எடுக்கும் என்பதே. பேட்டரியில் இயங்கும் விளக்குகளைக் கொண்டுவருபவர் ஒருபடி மேலானவர்.

மழையும் புயலும் விமானமும்

புதுச்சேரியைத் தரைமட்டமாக்கிய 1761ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 1765இல் ஆளுநராக வந்து நகரை மீண்டும் எழுப்பியவர் லா தே லொரிஸ்தோன். லாஸ்பேட்டையின் பெயர் அவரையொட்டியே அமைந்ததாகக் கூறுவர். அழிவுக்குப் பின் எழுவது இவ்வூருக்குப் பழக்கமானதே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது பல நாள்கள் மின்சாரமின்றித் தவித்தோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தெருக்கள் ஆறாயின. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திருமணம் வைப்போர், புகைப்படக்காரரின் ஊர் எது, சாலை மூடினால் அவர் எப்படி வருவார், கேமராவை மழையிலிருந்து எப்படிக் காப்பார் என்று கேட்பது மிகையன்று.

லாஸ்பேட்டைக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. புதுச்சேரி விமான நிலையம் இங்கேதான் இருக்கிறது. விமான நிலையத்தையொட்டிய வான்பகுதியில் உரிய அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம். மேலிருந்து படமெடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் எளிதாகச் சொன்னால், அனுமதி பற்றி அவர் அறிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். மணநாளில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது யாருக்கும் அழகன்று.

கேட்க வேண்டியவை

இனி அந்த மெமரி கார்டுக்கு வருவோம். இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் கேமராக்கள் இன்று தொழில்முறைப் புகைப்படக்காரர்களிடம் பரவலாக உள்ளன. அவ்வசதி இருக்கிறதா என்று மட்டுமல்ல, அதை அவ்வாறே பயன்படுத்துகிறாரா என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேமரா உடன் வருகிறதா, கூட ஒருவர் வருகிறாரா, அன்றிரவே படங்கள் எத்தனை இடங்களில் பிரதி எடுக்கப்படும் என்பவை அடுத்த கேள்விகள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறோர் இடத்தில் என்னும் விதியைக் கணினித் துறையினர் இன்று போற்றுகின்றனர். அதைப் பரப்பியவர் பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். இழந்து கற்ற துறையிலிருந்தே அந்த விதி பிறந்தது.

கார்டு பழுதானால் அதில் மேலும் படமெடுக்கவோ, அதை அழித்துப் புதிதாக்கவோ கூடாது. மேலெழுதப்படாதவரை பல வேளைகளில் படங்களை மீட்க இயலும். ஆனால் மீட்டுத்தரும் கடையில் கொடுக்கும் கார்டில் நம் வீட்டுப் பெண்களின் படங்களும் இருக்கும். எனவே குடும்பத்தாரைக் கேட்காமல் வெளியார் எவரிடமும் கொடுக்கக் கூடாது என்பதை முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். பெண்கள் பகுதியைப் படமெடுக்கப் பெண் கலைஞரை ஏற்பாடு செய்தால், அன்று அவர் நோயுற்றால் மாற்றாக வருபவரும் பெண்ணா என்று கேளுங்கள். மண்டபத்தின் நெருக்கடியில் இது நினைவுக்கு வராது. வரும்போது, வேறு வழியில்லை என்று ஓர் இளைஞர் உள்ளே நுழைந்துவிட்டிருப்பார். படங்களைச் சமூக ஊடகத்தில் விளம்பரமாக இடலாமா என்பதையும் வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதையும் சாட்சிகளையும் பற்றியது. எழுதுவது அவநம்பிக்கையின் அடையாளம் என்று கருதும் நம் வழக்கத்துக்கு அது நல்ல மறுமொழி. வரும் நேரம், வருவோரின் எண்ணிக்கை, கட்டணம், படங்கள் கிடைக்கும் நாள், ஆல்பம் கைக்கு வரும்வரை மூலப்படங்களை அழிக்கக் கூடாது என்பது, படங்கள் தொலைந்தால் என்ன ஈடு என்பது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது இருவருக்கும் நிம்மதி.

இவை அனைத்துக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. "இதுவரை எந்தத் திருமணத்தில் உங்களுக்குத் தவறு நேர்ந்தது? அப்போது என்ன செய்தீர்கள்?" ஒருபோதும் தவறு நேர்ந்ததில்லை என்பவர் தொழிலுக்குப் புதியவராக இருப்பார், அல்லது உண்மையை மறைப்பவராக இருப்பார். தயங்கி, ஒன்றை நினைவுகூர்ந்து, அதன்பிறகு தாம் மாற்றிக்கொண்ட வழக்கத்தைச் சொல்பவரே நமக்கு வேண்டியவர்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. நிகழ்ச்சிகளின் நேரத்தை முன்னரே அவரிடம் கொடுக்க வேண்டும். வலீ யார், சாட்சிகள் யார், எந்தப் பெரியவர் நெடுநேரம் அமர இயலாதவர் என்று காட்டித்தர வீட்டிலிருந்து ஒருவரை உடன் நிறுத்த வேண்டும். நிக்காஹ் வேளையில் எல்லோரும் கைப்பேசியோடு முன்னால் நின்று அவர் பார்வையை மறைப்பதைத் தவிர்க்க வேண்டும். தொழுகைக்கும் உணவுக்கும் அவருக்கு நேரம் தர வேண்டும். பேசிய கூலியைக் காலத்தில் கொடுக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பாடம், ஒட்டகத்துக்குரியவருக்கும் ஓட்டுபவருக்கும் பொதுவானதே.

பதிவேட்டின் ஒரு பக்கம்

அந்த லாஸ்பேட்டைத் திருமணத்துக்குத் திரும்புவோம். பாட்டனார் மறைந்த சில மாதங்களுக்குப் பின், திருமணச் சான்றிதழின் பிரதி ஒன்று தேவைப்பட்டு மணமகளின் தம்பி ஜமாஅத் அலுவலகத்துக்குச் சென்றான். நிக்காஹ் பதிவேட்டைத் திறந்தபோது, வலீ என்ற இடத்தில் பாட்டனாரின் கையொப்பம் இருந்தது. எழுத்துகள் நடுங்கியிருந்தன, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. நிர்வாகியின் அனுமதியோடு அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி வந்து அக்காளிடம் கொடுத்தான். ஆல்பத்தின் முதற்பக்கத்தில் இன்று இருப்பது அதுவே.

நிக்காஹ் ஒருபோதும் படத்தைச் சார்ந்து நின்றதில்லை. ஒப்புதலையும் வலீயையும் சாட்சிகளையும் சார்ந்து நின்றது. பதிவேட்டின் அருமையை இவ்வூரார் நன்கு அறிவர்; பிரெஞ்சுக் காலத்து நகராட்சிப் பதிவேட்டில் பாட்டனின் பெயரைத் தேடி அலைந்தவர்கள் பலர் நம் குடும்பங்களில் உண்டு. ஆகவே படம் தொலைந்தால் திருமணம் குறைவுபடுவதில்லை. ஆயினும் ஒருவரிடம் ஒப்படைத்தது அவர் கவனக்குறைவால் தொலையலாகாது. ஒப்படைப்பவரும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஒப்படைக்கலாகாது. சென்ற ஆண்டு அந்தத் தம்பியின் நிக்காஹ்வுக்குப் புகைப்படக்காரரை அமர்த்தும்போது, இங்கே எழுதிய கேள்விகள் அனைத்தையும் அக்காளே முன்னின்று கேட்டாள்.

நம் பிள்ளைகளின் இல்லறத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணிக்காக்கும் நல்லியல்பை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.